சீரம் பாட்டிலில் இருக்கும் சிலிக்கோன்: அக்கா பதில்கள்

முடிப் பொருள்கள் தயாரிக்கும் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். முடியைப் பற்றிக் கேளுங்கள். தலைத்தோல் என் துறை இல்லை. சீரம் என்பது குளித்த பின் முடியில் தடவும் வழுவழுப்பான திரவம்; அதில் இருக்கும் சிலிக்கோன் முடிமேல் மெல்லிய படலமாகப் படியும் பொருள். முதலிலேயே ஒன்று: சீரத்தைக் குளியலறையில் தெளிக்காதீர்கள், டைல்ஸ் வழுக்கும்.

ஈசூன் வாசகி: சிலிக்கோன் முடியை மூச்சுவிட விடாதாமே?
வெளியே தெரியும் முடிக்கு உயிரே இல்லை, மூச்சு எங்கே விடுவது?

பொங்கோல் தங்கை: பிளீச் செய்த முடி. கண்டிஷனரில் அமோடைமெத்திகோன் என்று இருக்கிறது. படிந்து பிசுபிசுக்குமா அக்கா?
நல்ல கேள்வி. அதுவும் ஒரு சிலிக்கோன்தான். பிளீச் செய்தால் முடியின் மேலுள்ள இயற்கைக் கொழுப்புப் படலம் போய், அந்த இடங்களில் எதிர்மின்னூட்டம் கூடும். அமோடைமெத்திகோனில் அமீன் தொகுதிகள் (நைட்ரஜன் உள்ள பகுதிகள்) உண்டு. புளிப்புத்தன்மையுள்ள கண்டிஷனரில் அவை நேர்மின்னூட்டம் பெறும். அதனால் சேதமான இடத்தைத்தான் அது அதிகம் பிடித்துக்கொள்ளும். ஓரளவு படிந்தபின் அடுத்து வருவதைத் தானே தள்ளிவிடும். இன்னொரு சிலிக்கோனான சாதாரண டைமெத்திகோனுக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. மென்மையான ஷாம்பு மட்டும் போட்டால் சேர்ந்துகொண்டே போகலாம். எப்போதாவது சல்பேட் ஷாம்பு போட்டு அலசினால் சரியாகிவிடும். சிலிக்கோன் பெயருக்கு முன்னால் 'பெக்' (PEG) என்று இருந்தால் பெரும்பாலும் தண்ணீரோடு போகும். சைக்ளோபென்டாசிலாக்சேன் என்ற சிலிக்கோன் ஆவியாகிவிடும். கழுவி விடும் பொருள்களில் அதை 0.1 சதவீதத்துக்குக் கீழே வைக்க ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்து 2020இல் நடைமுறைக்கு வந்த கட்டுப்பாடு முடிக்காக இல்லை, சுற்றுச்சூழலுக்காக.

தெம்பனிஸ் அண்ணன்: சிலிக்கோன் போட்டால் இந்தப் புழுக்கத்தில் முடி பறக்காமல் இருக்குமா?
பறப்பது குறையும், முழுதாக நிற்காது. நீராவி சிலிக்கோன் படலத்தைத் தாண்டிப் போகும்.

ஜூரோங் அம்மா: தேங்காய் எண்ணெய் இருக்க இந்த ரசாயனம் எதற்கு? எங்கள் பாட்டிக்கு முட்டிவரை முடி!
பாட்டி பிளீச் போட்டாரா, தினமும் சூடான இரும்பால் முடியை நேராக்கினாரா? தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதிகம். அது முடிக்குள் போய், கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கும். சிலிக்கோன் உள்ளே போகாது, மேலே நின்று உராய்வைக் குறைக்கும்.

ஜூரோங் அம்மா மறுபடியும்: அப்போது எண்ணெய்தான் உசத்தி என்கிறீர்கள்.
இல்லைங்க. குளிப்பதற்கு முன் எண்ணெய், குளித்த பின் இரண்டு சொட்டு சீரம். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

செங்காங்: பிளந்த நுனி ஒட்டுமா?
ஒட்டியது போலத் தெரியும். கத்தரிக்கோல்தான் தீர்வு.

உட்லண்ட்ஸ்: முடி கொத்தாகக் கொட்டுகிறது.
பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், இன்றே.

பிடோக்: சிலிக்கோன் மூச்சை அடைக்குமா?
மேலே ஈசூன் வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கிளமெண்டி: மூச்சு...
ஈசூன்!

தோ பாயோ: சீரத்தைக் குளித்து முடித்து அங்கேயே போடலாமா?
அறைக்கு வந்து போடுங்கள். போன மாதம் வழுக்கி விழுந்தவள் நான்தான்.