பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்த பேஸ்பால் கார்டுகள்: எதை மாற்றலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

வாசகரின் கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி, எடிசனில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, பேஸ்பால் என்றால் உயிரை விடும் என் 12 வயது மகனுக்கு இரண்டு பெட்டி நிறையக் கார்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரும்பாலானவை 1987 முதல் 1991 வரை வந்தவை. ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சிறு கட்டு மட்டும் டாப்ஸ் என்ற கம்பெனி 1975-ல் வெளியிட்டது. கூட விளையாடும் பையன்களோடு கார்டு மாற்றிக்கொள்ள மகனுக்கு ஆசை. மைதானத்துக்கு வரும் ஒருவர், அந்தக் கட்டில் இருக்கும் ஜார்ஜ் பிரெட் கார்டைக் கொடுத்தால் தன்னிடம் உள்ள 3,200 கார்டுகள் கொண்ட பெட்டியையே தருவதாகச் சொல்கிறார். மகன் துள்ளிக் குதிக்கிறான். எனக்கு பேஸ்பாலே சரியாகத் தெரியாது. கொடுக்கலாமா? எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு (நிலையைச் சோதித்து மதிப்பெண் போடுவதற்கு) அனுப்ப வேண்டுமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அந்த மனிதர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பெட்டியைத் தள்ளிவிட்டு, தன் செட்டில் (ஒரு கம்பெனி ஒரு வருடம் வெளியிட்ட கார்டுகளின் முழு வரிசை) இல்லாத ஒரு கார்டை வாங்கப் பார்க்கிறார் என்றே எடுத்துக்கொள்வோம். ஆனால் பிரெட் கார்டு என்ன நிலையில் இருக்கிறது, அந்தப் பெட்டியில் எந்த வருடக் கார்டுகள் இருக்கின்றன, இந்த இரண்டும் தெரியாமல் கை மாற்றக் கூடாது. 3,200 என்ற எண்ணிக்கை ஒரு பையனை மயக்கும். கார்டு உலகத்தில் எண்ணிக்கைக்கும் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெட்டி அநேகமாக அந்தக் காலத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும்.

அது எப்படி வந்தது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், உங்கள் இரண்டு பெட்டிகளின் கதையும் அதுதான். 1950களில் சூயிங்கத்தோடு வந்த கார்டுகளைப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி ஓட்டினார்கள், வளர்ந்ததும் அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். தயாரித்த கம்பெனிக்கே அவற்றின் அருமை தெரியவில்லை. 1952 டாப்ஸ் செட்டை உருவாக்கிய சை பெர்கர், விற்காமல் கிடந்த கார்டுகளை 1960-ல் படகில் ஏற்றி, உங்கள் நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் கடலில் கொட்டியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அந்த செட்டின் 311-ஆம் எண், யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மேன்டில். நல்ல நிலையில் தப்பிய ஒரு பிரதி 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. பெரும்பாலானவை அழிந்துபோனதால்தான் மிச்சம் இருப்பதற்கு அந்த விலை.

பழைய கார்டுக்குப் பணம் கிடைக்கிறது என்ற செய்தி 1980களில் பரவியதும் எல்லாரும் பத்திரப்படுத்த ஆரம்பித்தார்கள். டாப்ஸுக்கு இருந்த ஏகபோகம் நீதிமன்றத்தில் உடைந்து, 1981-ல் பிளீர், டான்ரஸ் என்ற இரண்டு கம்பெனிகளும் களத்தில் இறங்கின. 1988-ல் ஸ்கோர், 1989-ல் அப்பர் டெக் வந்தன. அச்சடித்துத் தள்ளினார்கள். வாங்கியவர்கள் ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. எனவே 1987 முதல் 1991 வரையிலான சாதாரணக் கார்டுகள் இன்றும் அமெரிக்கப் பரண்களில் குவிந்து கிடக்கின்றன. மெழுகுத்தாள் உறையில் வந்ததால் சேகரிப்பாளர்கள் அந்தக் காலத்தை 'ஜங்க் வேக்ஸ்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. 1987 டாப்ஸின் மரப்பலகை போன்ற ஓரத்தைப் போல அழகான வடிவமைப்பு அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை. விலை இல்லை என்பது மட்டும் உண்மை.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். 1989 அப்பர் டெக் செட்டின் முதல் எண், கென் கிரிஃபி ஜூனியர். 1990 டாப்ஸில் முன்பக்கத்தில் பெயர் அச்சாகாமல் போன ஃபிராங்க் தாமஸ். 1991 டாப்ஸில் வளைகுடாப் போர் வீரர்களுக்காக 'டெசர்ட் ஷீல்டு' என்ற பொன்நிற முத்திரையோடு வந்தவை. கடைசி வகையில் போலி முத்திரை நிறைய, யாராவது அதை மாற்றாகத் தந்தால் சட்டென்று ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இனி அந்த 1975 கட்டு. ரப்பர் பேண்டை இன்றே எடுத்துவிடுங்கள், ஓரத்தை அது வெட்டிவிடும். இழுக்க வேண்டாம், பழைய ரப்பர் கார்டோடு ஒட்டியிருக்கலாம், கத்தரிக்கோலால் மெல்ல நறுக்குங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஓரங்களை மட்டும் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். அழுக்கு தெரிந்தாலும் துடைக்கக் கூடாது.

1975 டாப்ஸ் செட்டில் 660 கார்டுகள். பிரெட் 228-ஆம் எண், அவருடைய ரூக்கி கார்டு, அதாவது பெரிய லீக்கில் அவருக்கு வந்த முதல் கார்டு. கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்காக மட்டுமே 21 சீசன் ஆடி, 3,154 ஹிட் அடித்து, 1999-ல் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது பேஸ்பாலின் தலைசிறந்தவர்கள் பட்டியலில், இடம்பெற்றவர். அதனால்தான் மைதானத்துக்கு வரும் அந்த மனிதர் கேட்கிறார். அதே கட்டில் 223 இருக்கிறதா என்று பாருங்கள்: ராபின் யவுன்ட், அதுவும் ரூக்கி கார்டு, அவரும் அதே வருடம் ஹால் ஆஃப் ஃபேம் போனவர். வேறு நட்சத்திரங்களும் உண்டு: 70 மைக் ஷ்மிட், 500 நோலன் ரயன். 1, 660 இரண்டுமே ஹாங்க் ஆரன். அந்தக் காலப் பையன்கள் எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டதால் முதல் கார்டும் கடைசிக் கார்டும்தான் எப்போதும் அடிவாங்கும். அந்த இரண்டும் நலமாக இருந்தால் செட் கட்டுகிறவர்கள் தேடி வருவார்கள்.

1975 கார்டுகளில் ஓரம் வெள்ளை இல்லை, இரண்டு நிறம். முனை சிறிது தேய்ந்தாலும் அட்டையின் வெளிறிய நிறம் எட்டிப் பார்க்கும். ஆகவே நான்கு முனைகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் கார்டைச் சாய்த்துப் பிடித்து, மேற்பரப்பில் மடிப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மடிப்பு சாய்வில் தெரியும், ஒரே ஒரு மடிப்பு விலையைப் பாதாளத்துக்குக் கொண்டுபோய்விடும். நான்கு பக்க ஓரமும் ஒரே அகலமா என்பது அடுத்தது. அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லேசாகக் குறைந்தால், தேய்ந்த முனையை மறைக்க யாரோ வெட்டியிருக்கலாம். கார்டே மொத்தமாகச் சிறியதாக இருந்தால் பயப்பட வேண்டாம், அந்த வருடம் டாப்ஸ் அதே 660 கார்டுகளையும் சிறிய அளவில் சில பகுதிகளில் மட்டும் விற்றுப் பார்த்தது. 'மினி' என்று அதைத் தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அசலா மறுபதிப்பா என்ற சந்தேகத்துக்கு உங்களிடமே அளவுகோல் இருக்கிறது. அதே கட்டிலிருந்து பெயர் தெரியாத ஓர் ஆட்டக்காரரின் கார்டை எடுத்து, பிரெட் கார்டின் பக்கத்தில் வையுங்கள். தடிமன், பின்பக்க அட்டையின் நிறம், சொரசொரப்பு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பூதக்கண்ணாடியில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவது சரி, கறுப்பு எழுத்தின் ஓரம் புள்ளியாகக் கலைந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

விலையைப் பார்க்க ஈபே போதும், ஆனால் கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது. 'சோல்டு ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உண்மையில் விற்ற விலைகள் வரும். உங்கள் கார்டைப் போலவே தேய்ந்த நாலைந்து கார்டுகள் அண்மையில் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். இதைத்தான் சேகரிப்பாளர்கள் 'காம்ப்ஸ்' என்கிறார்கள். பிறகு அந்த 3,200 பெட்டியைப் போன்றது என்ன விலைக்குப் போகிறது என்று அதே இடத்தில் பாருங்கள். உங்கள் மகனையே உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள். நாம் 'வேண்டாம்' என்று சொல்வதைவிட அவனே கண்டுபிடித்தால் மனதில் நிற்கும்.

எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு அனுப்ப வேண்டாம். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கார்டைச் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக்கில் மூடித் தருவார்கள். தபால் செலவையும் சேர்த்தால் ஒரு கார்டுக்கு 20 டாலருக்கு மேல் ஆகிவிடும். 1987 கார்டுகளுக்கு அது வீண். பிரெட், யவுன்ட் இரண்டும் கூர்மையான முனைகளோடு இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதுவும் விற்கும் எண்ணம் இருந்தால்தான். அதுவரை மெல்லிய 'பென்னி ஸ்லீவ்' உறையில் போட்டு, அதைக் கெட்டியான 'டாப்லோடர்' உறைக்குள் செருகி வையுங்கள். பரண், கார் ஷெட், பேஸ்மென்ட் வேண்டாம். சூடும் ஈரமும் இல்லாத அலமாரி போதும்.

சரி, உங்கள் மகனுக்கு உண்மையான சந்தோஷம் எதில் கிடைக்கும்? விலையில்லாத அந்த இரண்டு பெட்டிகளில்தான். 1987 டாப்ஸ் முழு செட் 792 கார்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் எண் இருக்கிறது. தரையில் பரப்பி எண் வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். இல்லாத எண்களை ஒரு நோட்டில் எழுதட்டும், இரண்டாகவும் மூன்றாகவும் இருப்பவற்றைத் தனிப் பெட்டியில் போடட்டும். இந்த நோட்டும் பெட்டியும் சேர்ந்ததுதான் கார்டு மாற்றுவதன் முதுகெலும்பு. ஊரில் நாங்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்தபோது, என்னிடம் இரண்டாக இருந்தது எதிர்வீட்டுப் பையனிடம் இல்லை, அவனிடம் இரண்டாக இருந்தது என்னிடம் இல்லை. இங்கே வந்து நாற்பது வயதுக்காரர்கள் பேஸ்பால் கார்டை வைத்து அதையே செய்வதைப் பார்த்தபோதுதான் நானும் உள்ளே இழுக்கப்பட்டேன். கடைசிப் பத்து எண்கள் பாக்கி இருக்கும்போது வரும் தவிப்பு இருக்கிறதே, அதை அவன் அனுபவிக்க வேண்டும்.

செட் பிடிக்கவில்லை என்றால் ஓர் அணியையோ ஓர் ஆட்டக்காரரையோ பிடித்துக்கொள்ளலாம். எதைச் சேர்க்கிறோம் என்று தெரிந்துவிட்டால், மற்றதெல்லாம் மாற்றுவதற்கான சரக்கு. யாங்கீஸ் அணி ரசிகன் ஒருவனும் மெட்ஸ் அணி ரசிகன் ஒருவனும் பக்கத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இருவர் பெட்டியும் பாதி காலியாகிவிடும், இருவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள்.

புது பாக்கெட் வாங்கித் தரச் சொல்லி அவன் நச்சரிப்பான். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 11 வயதுப் பையன் ஒருவன் 2024 கிறிஸ்துமஸ் நாளில் பிரித்த பாக்கெட்டில், பால் ஸ்கீன்ஸ் என்ற பந்துவீச்சாளரின், உலகத்திலேயே ஒன்றே ஒன்றான கார்டு வந்தது. 2025 மார்ச்சில் அது 11 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தக் கதை உங்கள் மகனுக்கும் தெரிந்திருக்கும். அது லாட்டரி. எப்போதாவது ஆசைக்கு ஒரு பாக்கெட் சரி, செட் நிறைவது மாற்றிக்கொள்வதால்தான்.

சிறுவர்களுக்குள் மாற்றும்போது ஐந்து டாலர் ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தலையிட்டுக் கணக்குப் பார்த்தால் ஆட்டமே கெட்டுவிடும். பெரியவர் யாராவது சிறுவனிடம் கேட்டால் மட்டும் ஒரு விதி வையுங்கள்: அன்றே முடிவு இல்லை, வீட்டில் காட்டிவிட்டு அடுத்த வாரம். நேர்மையானவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பையனை அவசரப்படுத்துகிறவரிடம் மாற்றவே வேண்டாம்.

தபாலில் மாற்றும் காலம் வந்தால், புதியவர்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. நானும் தொடக்கத்தில் அப்படி ஒன்பது கார்டுகளை அனுப்பினேன், பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. அதன்பின் முதல் மாற்று எப்போதும் சிறியதாகவே வைத்துக்கொள்கிறேன். டாப்லோடரின் வாயை, பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீல டேப்பால் ஒட்டுங்கள், சாதாரண டேப் பிசினை விட்டுவிடும். இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, பபிள் உறையில், டிராக்கிங் எண்ணோடு அனுப்புங்கள்.

அந்த மனிதரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பெட்டி வேண்டாம். உங்களிடம் 1975 டாப்ஸில் இரண்டாக இருப்பவை என்னென்ன? எண்களை எழுதித் தாருங்கள், எங்களிடம் இல்லாதவற்றைப் பார்த்துச் சொல்கிறோம்." அவர் உண்மையிலேயே அந்த செட்டைக் கட்டுபவராக இருந்தால் மறுநாளே பட்டியல் வரும். பிரெட் கார்டின் மதிப்புக்கு ஈடாக ஷ்மிட்டும் ரயனும் இன்னும் சில கார்டுகளும் அவர் தருவதாக இருந்து, உங்கள் மகனும் அதை விரும்பினால், தாராளமாகக் கொடுங்கள்.