வாசகர் கேள்வி – நம் பதில்: தகப்பனில்லாப் பிள்ளையும் ஒரு பத்திரமும்

ஆங்கிலேயர் ஆண்ட காலத்து அமெரிக்காவில் அநாதைக் குழந்தைகளைத் தொழில் பழக அனுப்பினார்களாமே? அது தர்மமா, கொத்தடிமைத்தனமா?
– வாசகி, மன்னார்குடி

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். எந்தப் பத்திரமானாலும் கையெழுத்து யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பேன். பிள்ளையை ஒரு எஜமானரிடம் தொழில் பழக விட எழுதிய இந்தப் பத்திரங்களில் பெற்றவளின் கையெழுத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பாஸ்டன் நகரில் ஏழைகளுக்குப் பொறுப்பான ஊர் அதிகாரிகள், இரண்டு நீதிபதிகளின் சம்மதத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். வர்ஜீனியா மாகாணத்தில் அந்த வேலை தேவாலய நிர்வாகிகளுடையது. தகப்பன் இறந்தாலே பிள்ளை அநாதைதான், தாய் இருந்தாலும்! தகப்பன் விட்டுப்போன சொத்தின் வருமானத்தில் படிக்கவைக்க முடியாவிட்டால், 21 வயதுவரை கைத்தொழிலுக்கு விடவேண்டும் என்றது வர்ஜீனியாவின் 1656-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஒரே தாளில் இரண்டு பிரதி எழுதி, நடுவே நெளிநெளியாக வெட்டுவார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதியும் பொருந்தவேண்டும். சோறு, துணி, தங்க இடம், தொழில், கொஞ்சம் படிப்பு, காலம் முடிந்ததும் இரண்டு ஜோடி உடுப்பு (ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு): இவ்வளவும் எஜமானர் பொறுப்பு. பிள்ளையோ சூதாடக் கூடாது, மதுக்கடைக்குப் போகக் கூடாது, கல்யாணம் செய்யக் கூடாது, எஜமானரின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. ஐந்தாறு வயதுக் குழந்தைகளின் பேரிலும் இப்படி எழுதினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

பெண்பிள்ளைக்கு 18 வயது அல்லது கல்யாணம்வரை. தையல், பின்னல், நூல் நூற்றல், வீட்டுவேலை. எழுத்தும் கணக்கும் பையனுக்கு. இவளுக்குப் பல பத்திரங்களில் வாசிப்போடு சரி. எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

செருப்புத் தைக்கவும் பீப்பாய் செய்யவும் கற்றுச் சொந்தக் காலில் நின்ற பையன்கள் உண்டு. அடித்தாலோ தொழில் சொல்லித்தராவிட்டாலோ கோர்ட்டில் முறையிட்டு விடுபடவும் வழி இருந்தது. அதனால் எல்லாவற்றையும் கொத்தடிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால், அநாதையின் செலவு ஊர் வரிப்பணத்தில் விழக்கூடாது என்ற கணக்குத்தான் இதில் முந்தி நின்றது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் கறுப்பருக்கும் மணமின்றிப் பிறந்த பிள்ளையை வர்ஜீனியா 1691-இல் 30 வயதுவரை கட்டிப்போட்டது. 1705-இல் அதை 31 ஆக்கியது. அது கொத்தடிமையேதான். 1765-இல்தான் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று குறைத்தார்கள்.

ஓடிப்போனால் என்ன ஆகும்?
– அதே வாசகி

உடுப்பு, உயரம், தழும்பு எல்லாம் எழுதி, சன்மானத்தோடு எஜமானர் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார். பிடிபட்டால் வேலைக்காலம் கூடும். பின்னாளில் அமெரிக்க விடுதலைத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் சேர்ந்து, 1723-இல் 17 வயதில் பாஸ்டனைவிட்டு ஓடினார். ஊரில் வேறு எந்த அச்சகமும் வேலை தராதபடி அண்ணன் சொல்லிவைத்திருந்தார். தகப்பன் உயிரோடிருந்த பையனுக்கே இந்தக் கதி.