பனிக்காலத்தில் உப்புச் சாலையில் ஓடும் காரை எப்போது, எப்படிக் கழுவுவது?

கேள்வி: வேலூரிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ வந்து இது முதல் குளிர்காலம். பழைய செடான் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். பனியை உருக்கச் சாலை முழுக்க உப்பு கொட்டுகிறார்கள், வண்டி வெள்ளை பூத்துக் கிடக்கிறது. "மைனஸ்ல தண்ணி ஊத்தினா கதவே ஒட்டிக்கும், பனி முடியட்டும்" என்கிறார் சத்துவாச்சாரியில் இருக்கும் அப்பா. ரூம்மேட்டோ அடிக்கடி கழுவச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

ரூம்மேட் பேச்சைக் கேளுங்கள். ஆனால் அப்பா சொன்ன கதவு விஷயத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள், அது நிஜமாகவே நடக்கும். அதைத் தடுக்க ஐந்து நிமிட வேலை போதும், கீழே சொல்கிறேன். பனி முடியும்வரை கழுவாமல் விட்டால் வரும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நான் ராணிப்பேட்டைக்காரன். ஒன்டாரியோவில் சில வருடம் வண்டி ஓட்டிவிட்டு இப்போது வேலூருக்கே திரும்பிவிட்டேன். உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பனியைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்தாயிற்று. பெரியப்பாவின் டிங்கரிங் பட்டறைக்குப் பச்சைத் தோல் ஏற்றும் லாரிகள் வரும். உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்பைப் போட்டு அடுக்கித்தான் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் அனுப்புவார்கள். அதிலிருந்து இறங்கும் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சேசிஸ் மேல் சொட்டிக்கொண்டே வரும். வெளியே பார்த்தால் புதுப் பெயின்ட், பூ டிசைன், கண்ணாடி மேல் எலுமிச்சம்பழம் மிளகாய் எல்லாம் ஜோராக இருக்கும். பலகையைப் பெயர்த்து கிராஸ் மெம்பரை, அதாவது சேசிஸின் குறுக்குச் சட்டத்தை, சுத்தியலால் தட்டினால்தான் தெரியும். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும், இது 'பொத்' என்று சொல்லும். அப்படியே அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிரும். "மேல இன்னாடா பாக்கற, குனிஞ்சு அடியப் பாரு" என்பார் பெரியப்பா. உங்கள் கேள்விக்கும் அதுதான் பதில். பானெட்டில் பூத்திருக்கும் வெள்ளை பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். அங்கே பெயின்ட் காவல் இருக்கிறது. காரியம் நடப்பது அடியில்.

சாலையில் போடுவதும் பெரும்பாலும் நம் சோடியம் குளோரைடுதான். உப்பு கலந்த தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையாது. கலவை சரியாக இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூடத் தண்ணீராகவே நிற்கும். நடைமுறையில் மைனஸ் 10ஐத் தாண்டினாலே பனியை உருக்கும் வேகம் குறைந்துவிடும் என்பதால், கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்றவற்றையும் சேர்ப்பார்கள். இந்த இரண்டும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளவை. அதனால் "நாலு நாளாகப் பனியே இல்லை, வண்டி காய்ந்துதானே இருக்கிறது" என்று நினைக்காதீர்கள். ஒடுங்கிய மூலைகளில் அது காய்வதே இல்லை.

இன்னொரு சமாச்சாரம் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் ஏறும். மைனஸ் 15இல் வெளியே நிற்கும் கார் அன்றைக்கு ஏறக்குறைய பத்திரம். அதே காரை அப்படியே ஹீட்டர் போட்ட கராஜுக்குள் கொண்டுபோய் நிறுத்தினால், மட்கார்டுக்குள் அப்பியிருக்கும் உப்புப்பனி உருகி, இதமான சூட்டில், ராத்திரி முழுக்க இரும்பைத் தின்னும். கராஜ் இருப்பவர்கள்தான் அடிக்கடி கழுவ வேண்டும். உங்கள் வண்டி வெளியே நிற்கிறது என்றால் கடுங்குளிர் வாரத்தில் பதறாதீர்கள், குளிர் தணியும் நாளுக்குக் காத்திருங்கள்.

அந்த நாள் எது? வானிலை ஆப்பில் பகல் நேரம் பூஜ்ஜியத்துக்கு மேலே ஏறுகிற நாள். 4, 5 டிகிரி கிடைத்தால் உத்தமம். காலை பத்து பதினோரு மணிக்குப் போய்விடுங்கள், இருட்டுவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். பனி கொட்டி, உப்பு லாரி வந்துபோய், சாலை கொஞ்சம் காய்ந்த பிறகு கழுவுவதுதான் கணக்கு. சேறும் உப்புமாகச் சாலை கரைந்து கிடக்கும் அன்று கழுவினால், அடுத்த சிக்னலுக்குள் போட்ட காசு போச்சு. பத்து நாள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால் இன்னும் சீக்கிரம். வாரக்கணக்கில் மைனஸிலேயே இழுத்துக்கொண்டு போனால், ஷெட்டுக்குள் கழுவிக் காற்றடித்து வெளியே அனுப்பும் ஆட்டோமேட்டிக் வாஷில் மைனஸ் ஏழு எட்டு வரை துணிந்து போகலாம். அதற்கும் கீழே என்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டு வாசலில் வேண்டாம். சத்துவாச்சாரியில் காலையில் எழுந்ததும் ஒரு பக்கெட், ஒரு பழைய பனியன் துணி என்று தெருவிலேயே வேலையை முடிப்போம். ஒன்டாரியோவில் அந்தத் தண்ணீர் அரைமணி நேரத்தில் கண்ணாடித் தரையாக உறைந்துவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டி வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? பக்கெட் தண்ணீர் வண்டியின் அடிக்கும் போகாது.

ஆட்டோமேட்டிக் வாஷ் என்றால் பிரஷ் இல்லாத 'டச்லெஸ்' வகையைத் தேர்ந்தெடுங்கள், அதில் அடிப்பாகத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும் வசதி உள்ள பேக்கேஜைக் கேட்டு வாங்குங்கள். மேலே வாசனை நுரை, மூன்று நிற நுரை என்றெல்லாம் விற்பார்கள். அந்தக் காசை அடிப்பாகத்துக்குப் போடுங்கள். சில இடங்களில் கழுவிய தண்ணீரையே சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவார்கள். கடைசி அலசல் நல்ல தண்ணீரா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

எனக்குப் பிடித்தது காசு போட்டு நாமே பீய்ச்சிக்கொள்ளும் ஷெட்தான். காசு போடுவதற்கு முன் முதல் வேலை, நான்கு சக்கரத்துக்கும் பின்னால் கட்டியாக அப்பியிருக்கும் கறுப்புப் பனியைத் தட்டி விழவைப்பது. தோல் பதனிடும் தோல் ஷாப்பிலும் இதே முறைதான். ஊறப்போடுவதற்கு முன்னால் தோலை உதறி, ஒட்டியிருக்கும் உப்பைத் தட்டி எடுத்துவிடுவார்கள். எவ்வளவு உதிர்கிறதோ அவ்வளவு தண்ணீர் மிச்சம். தட்டியாயிற்றா, இப்போது காசைப் போடுங்கள். பீய்ச்ச வேண்டிய இடங்கள்: மட்கார்டின் உள்வளைவு, பின் சஸ்பென்ஷன், பம்பரின் உள்பக்கம், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டை, அப்புறம் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி. நம் டிங்கர்கள் 'ரன்னிங் போர்டு' என்பார்கள். அதன் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே போன உப்புத்தண்ணீர் வெளியே வராது, துரு உள்ளிருந்து வெளியே வரும். நம் கண்ணுக்குப் பெயின்ட் கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே தகடு போயிருக்கும். ஒரு ஐஸ்கிரீம் குச்சியால் அந்த ஓட்டைகளைக் குத்திவிடுங்கள். பீய்ச்சும் குழாயைச் சக்கர பேரிங் மேலும் ஒயர் ஜாயின்ட் மேலும் நெருக்கிப் பிடிக்காதீர்கள். அங்கே தொங்கும் நுரை பிரஷைத் தொடவே வேண்டாம். முன்னால் வந்த பிக்கப்பின் மணல் முழுக்க அதில்தான் இருக்கும்.

கண்ணாடியில் பனி ஒட்டியிருக்கிறது என்று வெந்நீர் ஊற்றும் வேலை மட்டும் ஆகாது. விரிசல் விட்டுவிடும்.

சரி, அப்பாவின் பயத்துக்கு வருவோம். கழுவிய உடனே கதவுகளையும் டிக்கியையும் திறந்து ரப்பர் பீடிங்கையும் அது உட்காரும் இடத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பீடிங் மேல் முன்னதாகவே சிலிகான் தடவி வைத்திருந்தால் தண்ணீர் நின்றாலும் ஒட்டாது. பெட்ரோல் மூடி, சாவித் துளை, வைப்பர் பிளேடு மூன்றையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். புறப்பட்டதும் ஆளில்லாத இடத்தில் நான்கைந்து தடவை மெதுவாகப் பிரேக் அடித்தால் டிஸ்க் காய்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, சமதளம் என்றால் அன்று இரவு ஹேண்ட் பிரேக் போடாமல் கியரை 'பார்க்'கில் (P) போட்டு விட்டுவிடுங்கள், ஹேண்ட் பிரேக் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகு கதவு ஒட்டிக்கொண்டால் கைப்பிடியை இழுத்துப் போராடக் கூடாது. முதலில் கதவை உள்பக்கமாகத் தோளால் அழுத்துங்கள், பனி நொறுங்கும், பிறகு இழுங்கள். கைப்பிடி உடைந்தால் அந்த ஊர் விலை வேறு.

உள்ளேயும் கொஞ்சம் பாருங்கள். பூட்ஸோடு வரும் உப்புப்பனி கார்பெட்டில் உருகி ஊறும், கண்ணாடி ஆவி பூத்துக்கொண்டே இருக்கும். விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் போடுங்கள், தண்ணீர் சேர்ந்ததும் எடுத்துக் கொட்டுங்கள். கார்பெட்டில் வெள்ளைக் கறை பட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்தால் போகும்.

வேலூரில் வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விட்டால், தூக்கி நிறுத்திக் கழுவிய பிறகு அடியில் ஆயில் அடிப்பார்களே, நினைவிருக்கிறதா? பழைய ஆயிலையும் டீசலையும் கலந்து பீய்ச்சுவார்கள், இரண்டு நாளைக்கு வீட்டு வாசலெல்லாம் சொட்டும். ஒன்டாரியோவிலும் இலையுதிர் காலத்தில் கார்களுக்கு ஆயில் ஸ்ப்ரே அடித்துவிடும் கடைகள் உண்டு. சங்கதி ஒன்றுதான்: இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவில் எண்ணெய். ரப்பர் புஷ்ஷைக் கெடுக்காத எண்ணெயாகப் பார்த்து அடிப்பார்கள் என்பது வித்தியாசம். பழைய கார் வைத்திருப்பவருக்கு வருடத்துக்கு ஒருமுறை இது நல்ல செலவு. இந்த வருடத்துக்கு நேரம் தாண்டிவிட்டது என்று நினைக்காதீர்கள், நன்றாகக் கழுவிக் காயவைத்த பின் நடுவிலும் அடிக்கலாம்.

கழுவிவிடும் உப்பு எங்கே போகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாலாற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு அந்த நினைப்பு வரும். கரைந்த உப்பை வழக்கமான சுத்திகரிப்பு பிடிக்காது. தோல் ஷாப் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உப்பு போகவில்லை. அங்கேயும் சாலை உப்பு கடைசியில் ஏரிக்கும் ஓடைக்கும்தான் போகிறது.

ஏப்ரலில், உப்பு லாரிகள் நின்று ஒன்றிரண்டு நல்ல மழை பெய்து சாலை சுத்தமான பிறகு, அடிப்பாகத்துக்கு ஒரு பெரிய கழுவல் போடுங்கள். குளிர்காலம் முழுக்கக் கழுவியவரும் இதை விடக்கூடாது. வெயில் ஏறும்போதுதான் மிச்சமிருக்கும் உப்பு வேகமெடுக்கும். அன்றைக்கே லிஃப்டில் ஏற்றிப் பிரேக் பைப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 2015இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் உப்புப் பிரதேசப் பழைய வண்டிகளின் பிரேக் பைப் துருவைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை விட்டது, அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லியும் அதில் இருந்தது. பைப்பில் மேலாகப் பழுப்பு ஏறியிருந்தால் பயமில்லை. செதில் செதிலாக எழும்பியிருந்தாலோ, ஈரக்கசிவு தெரிந்தாலோ, அங்கிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள், மாற்றிவிட்டே எடுங்கள்.