காலில் ஆணி, முட்டியில் சிமென்ட்: கட்டட வேலைக்காரர்கள் கேட்கிறார்கள்

(கட்டடத் தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வை பார்ப்பவர் பதில் சொல்கிறார்.)

சென்ட்ரிங் பலகை பிரிக்கும்போது ஆணி செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிட்டது. புது ஆணிதான், துருவே இல்லை. டி.டி. ஊசி வேண்டுமா அண்ணே?

வேண்டும் தம்பி. டி.டி. தடுப்பது ரணஜன்னியை, அதாவது டெட்டனஸை. அதைத் துரு கொண்டுவருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் கிருமிதான் கொண்டுவருகிறது. காற்றுப் படாத ஆழமான காயம் அதற்குத் தோதான இடம். அழுக்கான குத்துக்காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தாலே மறுபடி போடுவார்கள். சின்ன வயதில் தடுப்பூசி எல்லாம் முடிந்ததா என்று தெரியவில்லையா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்தும் சேர்த்துப் போட வேண்டியிருக்கலாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் வைத்தியமெல்லாம் வேண்டாம்.

ரப்பர் ஷூவோடுதான் மிதித்தேன். ஊசியும் போட்டாயிற்று. ஒரு வாரமாகியும் பாதம் வலிக்கிறதே?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஷூவுக்குள் ஈரம் தங்கும் இடத்தில் சூடோமோனாஸ் என்று ஒரு கிருமி வளரும். ஆணி அதை உள்ளே தள்ளிவிட்டால் எலும்பு வரை பிடிக்கும். ரப்பர்த் துணுக்கோ சாக்ஸ் நூலோ உள்ளே மாட்டியிருந்தாலும் ஆறாது. டாக்டரிடம் "ஷூவோடு மிதித்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள், மருந்து மாறலாம்.

அப்பாவுக்குச் சுகர். ஆணி குத்தியதே தெரியவில்லை என்கிறார்.

சுகரில் பாதம் மரத்துப்போயிருக்கலாம், அப்படித் தெரியாததுதான் பிரச்சினை. இன்றைக்கே காட்டுங்கள்.

ஈரக் கான்கிரீட்டில் முட்டிபோட்டு மட்டம் பார்த்தேன். ராத்திரி பார்த்தால் முட்டி கறுத்துத் தோல் உரிகிறது. அப்போது வலிக்கவே இல்லை!

சிமென்ட் சுடும், ஆனால் உடனே சொல்லாது. ஈரச் சிமென்டில் காரம் மிக அதிகம், பி.எச். அளவில் 12, 13 வரை போகும். பேன்ட் நனைந்து முட்டியோடு ஒட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் தோலை அரிக்கும். அடுத்த முறை நனைந்த உடனே துணியைக் கழற்றி, சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுங்கள். கறுத்த தோல் ஆழமான புண்ணாக இருக்கலாம்; ஆயின்ட்மென்ட் தடவிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீர் புகாத முட்டிக் கவசம் வாங்கினால் இந்த வம்பே இல்லை, ஆனால் எந்த மேஸ்திரி வாங்கித் தருகிறார்?

டைல்ஸ் வேலை. டைல்ஸ் சில்லு முட்டியில் குத்தியது, எடுத்துவிட்டேன். இப்போது வீங்கியிருக்கிறது.

தொட்டால் சூடாக இருக்கிறதா, மடக்க முடியவில்லையா, காய்ச்சல் அடிக்கிறதா? ஒன்று இருந்தாலும் அவசரம். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாளிலேயே மூட்டு கெட்டுவிடும்.

இரும்பு முனை ஷூ போட்டால் ஆணி ஏறாதுதானே சார்?

ஏறும். முனை இரும்பு விரலுக்கு மட்டும்தான். அடிப்பாகத்திலும் தகடு வைத்ததைக் கேளுங்கள். எஸ்1பி, எஸ்3 என்று குறியிட்டு விற்கிறார்கள்.

தளத்தில் எங்கே பார்த்தாலும் ஆணிப் பலகை. என்ன செய்வது?

பிரித்த கையோடு ஆணியைப் பிடுங்கச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் மடக்கி அடித்துவிட்டுத்தான் பலகையைக் கீழே வைக்க வேண்டும்.