எக்செலில் எண் தட்டினால் வேலை கிடைக்குமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தாயாரின் கேள்வி: மகள் ஊட்டியில் எம்.எஸ்சி. படிக்கிறாள். ஆறு மாதமாக மழையளவு, மண் மாதிரி, சிறு தேயிலை விவசாயிகளிடம் பேட்டி என்று எக்செலில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறாள். இதை வைத்து என்ன வேலைக்குப் போக முடியும்?

போக முடியும் அம்மா. ஆனால் எண் தட்டுவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. மகளிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், பத்து வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் அந்த எண்களை எடுத்துப் பயன்படுத்த முடிகிறதா? அப்படி வைக்கத் தெரிந்தவர்களைத்தான் ஆராய்ச்சி நிறுவனங்கள் தேடுகின்றன. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கு முன் கண்ணாடித் தட்டுகளில் எடுத்த சூரியப் படங்களை இன்று கணினியில் ஏற்றி ஆராய்கிறார்கள். எடுத்த நாளும் நேரமும் தெரியாவிட்டால் அந்தத் தட்டுகள் வெறும் கண்ணாடிதான்.

மகளின் கோப்பில் முதலில் மழையைப் பாருங்கள். காலை 8.30-க்கு மழைமானியில் படிக்கும் அளவு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்து மழை. 12-ம் தேதி படித்ததை 12-ல் எழுதினாளா, 11-லா? எப்படி எழுதினாலும் சரி, எந்த முறை என்று ஒரு வரி இல்லாவிட்டால் பக்கத்து எஸ்டேட்டின் கணக்கோடு ஒரு நாள் தள்ளிப் போகும். மழை இல்லாத நாளுக்கு 0. படிக்கப் போகாத நாளுக்கு வெற்றுக் கட்டம் அல்லது ‘இல்லை’ என்ற குறி. இரண்டுக்கும் 0 போட்டுவிட்டால் மாத மொத்தமே பொய். தேதியை 2024-04-03 என்று எழுதட்டும். 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல், அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு மார்ச்.

அடுத்தது இடக்குறிப்பு. ஊட்டியின் அட்சரேகை தசமக் கணக்கில் 11.41. யாராவது அதை 11 பாகை 41 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் மண் மாதிரி முப்பது கிலோமீட்டர் வடக்கே தாவி பந்திப்பூர் பக்கம் போய் விழும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது; வரைபடத்தில் ஒருமுறை புள்ளி வைத்துப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். மண்ணின் பி.எச். (அமில-காரத்தன்மை) அளவுக்குப் பக்கத்தில் ஆழமும், மண்ணுக்கு எவ்வளவு தண்ணீர் கலந்து அளந்தாள் (1:2.5 என்பது போல) என்பதும் வேண்டும். கலவை மாறினால் எண்ணும் மாறும்.

எக்செலில் மஞ்சள் வண்ணம் பூசி ‘சந்தேகம்’ என்று குறிப்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளும் படிக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) மாற்றியதும் வண்ணம் காணாமல் போகும். சந்தேகத்துக்கு என்று தனி நெடுவரிசை வைக்கட்டும். சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஊர்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் இன்னும் மோசம், வேறு கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும்.

பேட்டிகளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பெயரையும் கைபேசி எண்ணையும் நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நாற்பது வீடுள்ள ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்) ‘62 வயது, மூன்று ஏக்கர், மகன் திருப்பூரில்’ என்றால் அது யார் என்று ஊரே சொல்லும். வயதைப் பத்துப் பத்தாகத் தொகுத்து, ஊருக்குப் பதில் தாலுகாவின் பெயர் போடலாம். இடக்குறிப்பை இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் சுமார் ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் மறையும். ‘பெயர் இல்லாமல் மற்ற ஆய்வாளர்களுக்குத் தரலாமா’ என்ற கேள்வி ஒப்புதல் படிவத்தில் பேட்டிக்கு முன்பே இருக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் வீடு வீடாகப் போய்க் கேட்பது நடக்காத காரியம்.

பிரதிகள் மூன்று: மடிக்கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, ஊருக்கு வெளியே கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஒன்று. பென் டிரைவ் கணக்கில் வராது. நம் மலையின் ஈரத்தில் மின்சாதனங்கள் பூஞ்சை பிடிக்கும். ஹார்ட் டிஸ்கை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம். களத்தில் எழுதிய மூலக் கோப்பைத் தொடவே கூடாது, திருத்தமெல்லாம் நகலில்தான்.

ஆய்வு வழிகாட்டியின் சம்மதம் கிடைத்ததும் ஜெனோடோ போன்ற இணையத் தரவுக் காப்பகத்தில் ஏற்றலாம், கட்டணமில்லை. டிஓஐ என்ற நிரந்தர எண் கிடைக்கும், அதைத் தன்விவரக் குறிப்பில் போடலாம். ஏற்றியதை இஷ்டம்போல் அழிக்க முடியாது என்பதால் பேட்டிக் கோப்பை இருமுறை பார்த்துவிட்டு அனுப்பட்டும்.

வேலைக்கு வருவோம். ஆய்வுத் திட்டங்களில் ப்ராஜெக்ட் அசோசியேட், நிறுவனங்களில் தரவு மேலாளர், பல்கலைக்கழக நூலகங்களில் தரவுக் காப்புப் பணி என்று வழிகள் உண்டு. பொதுப்பணத்தில் திரட்டிய தரவைப் பகிர்வதற்கான தேசியக் கொள்கை 2012-லேயே வந்துவிட்டது. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இதோடு ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி நிரல்மொழி கொஞ்சம் தெரிந்திருந்தால் நேர்காணலில் நன்றாகவே எடுபடும்.

இந்த வாரம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். வேறு துறைத் தோழி ஒருத்தியிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு, ஜூன் மாத மழையைக் கூட்டச் சொல்லட்டும், வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காரட்டும். தோழி எங்கெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறாளோ, அதற்கான பதிலை ரீட்மீ கோப்பில் (தரவோடு வைக்கும் விளக்கக் குறிப்பில்) அன்றைக்கே எழுதிவிடட்டும்.