நாத்திக எழுத்துகளைத் தொகுக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பதினைந்து பேர் கொண்ட ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். பழங்காலம் முதல் இன்று வரை கடவுளையும் சமயத்தையும் கேள்வி கேட்ட எழுத்துகளைத் தமிழில் ஒரு சிறு நூலாகத் தொகுத்து, நூறு பிரதி அச்சிட நினைக்கிறோம். எதைச் சேர்ப்பது, யாரிடம் அனுமதி கேட்பது? எங்களில் பாதிப் பேர் வீட்டில் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலையில் காவடி எடுப்பவர்கள். அவர்களும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

பதில்: பெரியாரிலிருந்து தொடங்கலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். நான் மணிமேகலையிலிருந்து தொடங்கச் சொல்வேன். 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'யில் வஞ்சி மாநகரில் பூதவாதி ஒருவன் பேசுகிறான். நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்பவன் அவன். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் கூட்டினால் கள்ளின் மயக்கம் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது. அவை பிரியும்போது பறையோசைபோல் அது அழிந்துபோகிறது என்கிறான். மறுமை பொய், இந்தப் பிறப்பும் இதன் பயனும்தான் உண்டு என்கிறான். இவ்வளவு தெளிவான பொருள்முதல்வாதம் நம் பழந்தமிழ்க் காப்பியத்துக்குள்ளேயே இருக்கிறது!

ஆனால் அதை எழுதியவர் பூதவாதி அல்லர், பௌத்தரான சாத்தனார். அடுத்த சில வரிகளிலேயே மணிமேகலை அவனை மடக்குகிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்கிறாயே, உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். நூல் அவளுக்கே வெற்றி தருகிறது.

உங்கள் தொகுப்பில் நீங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். பழைய நாத்திகர்களின் குரல் பெரும்பாலும் எதிராளியின் நூல் வழியாகத்தான் நமக்கு வந்திருக்கிறது. பழைய இந்தியப் பொருள்முதல்வாதிகளான சார்வாகரைப் பற்றி அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 14ஆம் நூற்றாண்டின் 'சர்வதர்சன சங்கிரகம்'. அதை எழுதிய மாதவர் வேதாந்தி. 'நீலகேசி' என்ற பழந்தமிழ்க் காப்பியத்தில் வரும் பூதவாதச் சருக்கம் சமணர் எழுதியது. இந்த எதிராளிகள் சொன்ன அத்தனையும் திரிக்கப்பட்டது என்று தள்ளிவிட முடியாது, அப்படியே நம்பவும் முடியாது. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் நாலு வரி எழுதுங்கள்: பேசுபவர் யார், எழுதியவர் யார், எப்போது, யாரை எதிர்த்து என்று. எதிராளியின் மறுமொழியையும் வெட்டாமல் அச்சிடுங்கள். மணிமேகலையின் கேள்வி நல்ல கேள்வி, அதற்குப் பூதவாதி என்ன சொல்லியிருக்கலாம் என்று உங்கள் வட்டம் ஒரு மாலை முழுக்கப் பேசலாம். காவடி எடுப்பவரும் அந்தப் பேச்சில் விருந்தாளியாக இல்லாமல் சம பங்காளியாக உட்காருவார்.

இன்னொரு தவறும் வழக்கமாக நடக்கிறது, சித்தர் சிவவாக்கியர் விஷயத்தில். 'நட்ட கல்லும் பேசுமோ' என்பதை மட்டும் எடுத்து அவரை நாத்திகர் வரிசையில் வைத்துவிடுகிறார்கள். அந்த அடியின் மறுபாதி 'நாதன் உள்ளிருக்கையில்' என்பது. சடங்கை மறுத்தவர் அவர், இறையை மறுத்தவர் அல்லர். அவரைக் கட்டாயம் சேருங்கள், ஆனால் முழு அடியோடு சேருங்கள். இறைமறுப்பு, ஐயம், சடங்கு எதிர்ப்பு மூன்றும் வேறு வேறு என்பது வாசகருக்குப் புரியட்டும்.

அப்புறம் அச்சுக் காலம். பெரியாருக்கு முன்பே, 1880களில், சென்னையில் 'தத்துவ விவேசினி' என்ற சுயசிந்தனை இதழ் வந்தது. அதிலிருந்து ஒன்றிரண்டு கட்டுரையாவது வேண்டும். பகத்சிங் 1930இல் லாகூர் சிறையில் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின் (ஜீவா) தமிழில் உண்டு. அதற்காக ஜீவாமேல் வழக்கு வந்தது, அந்த வரலாற்றையும் முன்குறிப்பில் சொல்லுங்கள். பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்தார், 1954இல் மறுபடி வந்தார். உங்கள் ஊர்த் தொகுப்பு என்பதால் அந்தக் காலத்து மலாயாத் தமிழ் இதழ்களைத் தேடிப் பார்க்க மனமார வேண்டுகிறேன். 'தமிழ் முரசு'வின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் இருக்கின்றன.

வெளிநாட்டுப் பகுதியைச் சிறிதாக வைத்தால் போதும். ரோமக் கவிஞர் லுக்ரீசியஸ், ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமின் இறப்புக்குப் பின் 1779இல் வெளியான, சமயம் பற்றிய உரையாடல்கள், ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸலின் 'நான் ஏன் கிறித்தவன் அல்லன்' என்ற 1927 சொற்பொழிவு. இந்த மூன்றும் நல்ல தமிழில் கிடைத்தால் சேருங்கள். மோசமான மொழிபெயர்ப்பு என்றால் விட்டுவிடலாம்.

சரி, அனுமதி. மலேசியாவில் ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை பதிப்புரிமை, இந்தியாவில் 60. ஜீவா 1963இல் மறைந்தார், அவர் மொழிபெயர்ப்புக்கு இரு நாட்டிலும் தடையில்லை. பெரியார் 1973இல் மறைந்தார். இங்கே உரிமைக்காலம் 2023 முடிவோடு தீர்ந்தது, இந்தியாவில் 2033 முடிவு வரை உண்டு. ஆகவே பிரதிகளைத் தமிழ்நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் முன்பே அனுமதி கேளுங்கள். ரஸ்ஸல் 1970இல் மறைந்துவிட்டாலும் அவரைத் தமிழாக்கியவருக்குத் தனி உரிமை உண்டு, அவருக்கோ பதிப்பகத்துக்கோ எழுதிக் கேட்க வேண்டும். பழைய மூலங்கள் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கும், ஆனால் அச்சுக்கு முன் நல்ல உரைப்பதிப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், இருவர் முகவரியும் நூலில் இருக்க வேண்டும், மலேசியாவின் 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அப்படிக் கேட்கிறது. மலேசியத் தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதி அனுப்ப வேண்டும். பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது குற்றவியல் சட்டத்தின் 298ஆம் பிரிவில் குற்றம். மூல எழுத்துகளை நீங்கள் மாற்ற முடியாது, ஆனால் முன்குறிப்புகள் உங்களுடையவை. அவற்றில் கேலி ஒரு சொல்லும் வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடமும், அப்படியே உங்கள் வட்டத்தில் காவடி எடுக்கும் ஒருவரிடமும் முழுப் பிரதியைப் படிக்கக் கொடுங்கள்.