மூணாறு குளிரில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டி: ஹீட்டர் பிளக் கோளாறா, ரிலே கோளாறா?

கேள்வி இது: “வட்டவடையிலிருந்து முட்டைக்கோசும் பூண்டும் ஏற்றும் பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினேன். சில வாரம் ஒழுங்காக ஓடியது, இப்போது பழையபடி ஆகிவிட்டது. சாவியைத் திருப்பினால் ரிலே ‘டிக்’ என்கிறது, டேஷ்போர்டில் சுருள் படம் போட்ட காயில் விளக்கும் எரிந்து அணைகிறது. அப்படியென்றால் ரிலே நன்றாகத்தானே இருக்கிறது?”

அப்படிச் சொல்ல முடியாது. குளிரில் எஞ்சினுக்குள் சூடு கொடுப்பது ஹீட்டர் பிளக், அதற்குப் போகும் பேட்டரி கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. ரிலேக்குள் இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. சாவியைத் திருப்பியதும், எவ்வளவு நேரம் சூடேற்றுவது என்று கணக்கு வைக்கும் டைமரிலிருந்து வரும் சிறிய கரண்ட் உள்ளேயிருக்கும் காயிலைக் காந்தமாக்கி ஒரு தகட்டை இழுக்கிறது. நீங்கள் கேட்கும் ‘டிக்’ அந்தத் தகடு அடிக்கும் சத்தம். பேட்டரியிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் பெரிய கரண்ட், தகட்டு நுனியில் இருக்கும் பாயிண்ட் (தொட்டு இணையும் முனை) வழியாகப் போக வேண்டும். பாயிண்ட் கருகிப்போயிருந்தாலும் தகடு அடிக்கத்தான் செய்யும். காயில் விளக்கையும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அது டைமரின் கணக்கை மட்டுமே காட்டும். பிளக் சூடானதா என்பது அதற்குத் தெரியாது.

மூணாறில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் புல்லில் உறைபனி படியத் தொடங்கியதும் கடைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு இந்தப் புகார்தான். வருபவர்களில் பலர் ஏற்கெனவே எங்கேயோ நான்கு பிளக்கையும் மாற்றிவிட்டு வருகிறார்கள். மீட்டரை எடுக்காமல் ஸ்பானரை எடுக்கும் பழக்கம் நம் தொழிலில் ஊறிப்போய்விட்டது. இந்த வேலையில் பொருளை மாற்றுவது கடைசியில்தான். கரண்ட் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அதற்கும் முன்னால், செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைக் கவனிக்க ஒருவரை நிறுத்துங்கள். பச்சை டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு இல்லை என்று பொருள். அப்போதுதான் ஹீட்டர் பக்கம் தேட வேண்டும். புகையே இல்லை என்றால் டீசலே வந்து சேரவில்லை. லைனில் காற்று வாங்கியிருக்கலாம், கீழ்நாட்டில் நிரப்பிய டீசல் மலைக்குளிரில் மெழுகாகி ஃபில்டரை அடைத்திருக்கலாம். எஞ்சின் முக்கி முக்கிச் சுற்றினால் குற்றவாளி பேட்டரி அல்லது எர்த் ஒயர். மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் காற்று போதுமான அளவு சூடேறாது, பிளக் எவ்வளவு சிவந்தாலும் பயன் குறைவு.

உங்கள் வண்டி பழைய மாடல் என்பதால், டீசல் நேரடியாக சிலிண்டரில் தெளிக்கப்படாமல் பக்கத்திலுள்ள சிறிய அறையில் தெளிக்கப்படும் வகை என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த அறையின் சுவர்கள் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், குளிரில் இந்த எஞ்சின்கள் பிளக்கை நம்பியே உயிர்பெறுகின்றன. சமவெளியில் இரண்டு பிளக் செத்துப்போனாலும் சமாளித்து ஓடும் வண்டி, மலைக்கு வந்ததும் படுத்துக்கொள்வது இதனால்தான்.

சோதனையை எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். சூடான எஞ்சினில் டெம்பரேச்சர் சென்சாரின் பேச்சைக் கேட்டு ரிலே வேலை செய்யாமலேயே இருந்துவிடும், நீங்கள் நல்ல ரிலேயைத் தூக்கி எறிவீர்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை நான்கு பிளக்கையும் இணைக்கும் உலோகப் பட்டையிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பில் சுத்தமான இடத்திலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். பதினொன்றை ஒட்டிக் காட்டினால் ரிலே தன் வேலையைச் செய்கிறது, பிளக்குகளைப் பாருங்கள். எட்டு, ஒன்பது என்று தொங்கினால் பேட்டரி சோர்ந்திருக்கிறது அல்லது நடுவில் எங்கோ கருகிய இணைப்பு இருக்கிறது. பூஜ்யம் என்றால் ரிலேயின் வாசலுக்குப் போங்கள்.

அங்கே பேட்டரி ஒயர் வந்து சேரும் தடித்த முனையில் சாவி அணைந்திருக்கும்போதும் பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டும். சாதாரண ரிலேயில் இதன் எண் 30, பிளக் பக்கம் வெளியேறும் முனை 87, காயில் முனைகள் 85, 86. முனை 30-இல் எதுவும் இல்லையென்றால் பெரிய பட்டை ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். மேலே பார்த்தால் முழுசாகத் தெரியும், ஸ்க்ரூவுக்கு அடியில் விரிசல் விட்டிருக்கும். நம் பக்கத்து மழையிலும் மூடுபனியிலும் அங்கே பச்சைக் களிம்பு பூத்துக்கிடப்பதும் வழக்கம்.

உங்கள் ரிலே ‘டிக்’ என்பதால் காயில் பக்கம் சரியாக இருக்கிறது. சத்தமே வராத வண்டி வைத்திருப்பவர்கள் 85-க்கும் 86-க்கும் நடுவே அளக்கட்டும். சாவி போட்டதும் பன்னிரண்டு வந்தும் ரிலே அசையவில்லை என்றால் ரிலே போய்விட்டது. பன்னிரண்டே வரவில்லை என்றால் ரிலேயைத் திட்டிப் பயனில்லை, டைமரையும் காயிலின் எர்த்தையும் தேட வேண்டும்.

இனி உங்களுக்கு வேண்டிய சோதனை. பிளக்குகள் இணைந்திருக்கும்போதே, ரிலே இழுத்திருக்கும் நேரத்தில், மீட்டரின் இரு முனைகளையும் 30-இலும் 87-இலும் வையுங்கள். நல்ல பாயிண்ட் என்றால் கால் வோல்ட்டுக்குள் காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் பாயிண்ட் கருகத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டே காட்டினால் பாயிண்ட் தொடவே இல்லை. பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவைத்துவிட்டு இதைச் செய்யாதீர்கள். மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் மிகச் சிறியது என்பதால் கருகிய பாயிண்ட் வழியாகவும் 87-இல் முழுப் பன்னிரண்டு வந்து நிற்கும், ‘ரிலே நல்லது’ என்று எழுதிக்கொடுத்துவிடும். நான்கு பிளக்கும் சேர்ந்து நாற்பது ஆம்பியருக்கு மேல் கேட்கும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும். பிளக் இல்லாமல் சோதிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், பழைய ஹெட்லைட் பல்பை 87-க்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டுங்கள். அது ஏறக்குறைய ஐந்து ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கினால் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் பிரகாசமாக எரிந்தது என்பதற்காக ரிலேவுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது, புதுப் பிளக் போட்டும் சில வாரத்தில் கோளாறு திரும்பியது. பிளக் அவ்வளவு சீக்கிரம் செத்திருந்தால் முக்கியமான காரணம் ரிலே ஒட்டிக்கொள்வது. பாயிண்ட் உருகி ஒட்டினால் டைமர் நிறுத்தச் சொன்னாலும் கரண்ட் நிற்காது. வண்டி ஓடும் நேரமெல்லாம் பிளக் எரியும், நிறுத்திய பிறகும் எரிந்து பேட்டரியைக் குடிக்கும். ஸ்டார்ட் ஆன பிறகும் சில நிமிடம் ஹீட்டரை விட்டுவைப்பது சில வண்டிகளில் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாவியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்தும் பட்டையில் வோல்ட் இருந்தால்தான் ஒட்டல். கழற்றிய பழைய பிளக்கின் நுனி ஊதியோ உருகியோ இருந்தாலும் சந்தேகம் அங்கேதான்.

ஒட்டல் ஏன் வருகிறது? நான் அதிகம் பார்ப்பது, ஹீட்டர் ரிலே கிடைக்கவில்லை என்று யாரோ ஹெட்லைட்டுக்கோ ஹாரனுக்கோ உள்ள 30 ஆம்பியர் ரிலேயை மாட்டிவிட்டிருப்பது. அது முதல் நாள் வேலை செய்யும், இரண்டாம் நாளும் வேலை செய்யும். போடிக்கோ அடிமாலிக்கோ ஸ்பேர் வாங்கப் போகும்போது பழைய ரிலேயைக் கையோடு கொண்டுபோய், அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரையும் வண்டி மாடலையும் சொல்லிக் கேளுங்கள். ‘இதுவும் அதேதான் அண்ணே’ என்று கடைக்காரத் தம்பி நீட்டுவதை, எண்ணைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பிளக்கைச் சோதிக்க அதைக் கழற்ற வேண்டியதில்லை. பட்டையை மட்டும் எடுத்துவிட்டு, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்கள். எரியாத இடத்தில் பிளக் அறுந்திருக்கிறது. ஓம் அளந்து பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நல்ல பிளக்கே ஒரு ஓம் அளவில்தான் இருக்கும், மலிவான மீட்டரின் ஒயரே அதில் பங்கு கேட்கும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எஞ்சின் சூடாக இருக்கும்போது, பொறுமையாக. நுனி உள்ளே முறிந்து விழுந்தால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

அவசரத்துக்கு 30-ஐயும் 87-ஐயும் தடித்த ஒயரால் பத்து எண்ணும் நேரம் இணைத்து ஸ்டார்ட் செய்வதை நானும் செய்திருக்கிறேன். தீப்பொறி பறக்கும், மோதிரமும் வாட்சும் கழற்றியிருக்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பிளக் உள்ள பழைய வண்டிக்கு மட்டும்தான் இது. கம்ப்யூட்டர் டீசல் தெளிப்பைக் கட்டுப்படுத்தும் புதிய காமன் ரயில் வண்டிகள் பலவற்றின் பிளக்குகள் ஐந்து, ஏழு வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நேராகப் பேட்டரியைக் கொடுத்தால் நொடிகளில் போய்விடும். அவற்றில் ரிலேக்குப் பதில் கண்ட்ரோல் மாட்யூல் இருக்கும். ஸ்கேனரில் பி 0380 அல்லது பி 0670 என்ற கோளாறு எண் வந்தால் ஹீட்டர் பக்கம் போங்கள்.

ஹீட்டர் வேலை செய்யும் எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே அடிக்காதீர்கள். சிவந்த பிளக்கில் ஸ்பிரேயிலுள்ள ஈதர் பட்டால் பிஸ்டன் மேலே வரும் வரை காத்திராது, காற்று உள்ளே வரும் இன்டேக்கிலேயே வெடிக்கும். இரவில் சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் வழக்கமும் நம் மலையில் உண்டு. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் ஓடாது, இரண்டு மிதி மிதித்ததும் பிரேக் பெடல் கல்லாகிவிடும். லோடு ஏற்றிய வண்டியில் டாப் ஸ்டேஷன் இறக்கத்தில் இது வேண்டாம்.

புது ரிலேயை மாட்டும்போது கனெக்டர் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. ஸ்டட் நட்டுகளை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். அதன் பிறகும் பட்டையில் பதினொரு வோல்ட் வந்து, நான்கு பிளக்கும் லேம்பை எரியவைத்து, வெள்ளைப் புகையோடு வண்டி அடம்பிடித்தால் கம்ப்ரஷனை (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவை) பாருங்கள். அது என் கடை வேலை அல்ல, எஞ்சின் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.